நண்பருடன் வெனிஸ்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளி வைப்பது

வெனிஸில் திண்டாடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிதான் திண்டாடுகிறார்கள்: பகல் பதினொரு மணி, கையில் பெட்டி, ரியால்ட்டோ பாலத்தின் படி. இருவராகப் போயிருந்தால் பயணத்தின் முதல் சண்டையும் அங்கேயே நடந்து முடிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி மூன்று இரவு தங்கும் இரண்டு நண்பர்களுக்கானது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். எந்த வேலையை எதற்கு முன் முடிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. விலைகளெல்லாம் எழுதும் சமயத்தில் இருந்தவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. டிக்கெட் எடுப்பதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

முதலில் நடை. தீவுக்குள் கார், ஆட்டோ, பைக் எதுவும் கிடையாது. சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. நானூறுக்கு மேல் பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். ஒருவருக்கு முட்டிவலி என்றால் அதை ஊரிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போன பிறகு சொன்னால் திட்டம் முழுவதும் கலையும்.

அடுத்தது எழும் நேரம். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை ஒருநாள் பயணிகளின் கூட்டம். அதற்கு முன்னும் பின்னும் ஊர் வேறு முகம் காட்டும். ஆகவே ஒருவர் ஆறு மணிக்கு எழுபவர், மற்றவர் ஒன்பது மணிக்கு எழுபவர் என்றால் இப்போதே ஒப்பந்தம் போடுங்கள்: இரண்டு காலை இருவரும் விடியலில் கிளம்புவது, ஒரு காலை அவரவர் இஷ்டம்.

பிறகு பணம். படகு, தண்ணீர், கழிப்பறை, காபி என்று சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. இருவரும் சமமாகப் போட்டு ஒரு பொதுப் பை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கோப்பை 'ஸ்பிரிட்ஸ்' மதுக்கலவைக்கும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் வங்கி அட்டை, கடவுச்சீட்டு நகல், இணையம் உள்ள தொலைபேசி மூன்றும் இருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். எல்லாம் ஒருவர் பையில் இருந்து, அந்தப் பை காணாமல் போனால் இருவரும் நடுத்தெருவில்தான்.

கடைசியாக, இது மட்டும் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டையும் முதல் இரண்டு நாளுக்குள் வைத்துவிட்டால் மீதி எது விட்டுப்போனாலும் மனக்கசப்பு வராது.

2. விசாவும் நுழைவுக் கட்டணமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளைக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் எங்கே அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம்.

நண்பர்கள் செய்யும் தவறு, அறையை ஒருவர் பெயரில் மட்டும் பதிவு செய்வது. இரண்டு விண்ணப்பமும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். இரண்டாமவர் எங்கே தங்குகிறார் என்பதற்குக் காகிதம் இல்லாமல் போய்விடும். பதிவு செய்தவுடனே விடுதிக்கு எழுதி, இருவர் பெயரும் உள்ள உறுதிச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை வந்திருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ விமானம் மாறினால் அந்த வரிசை அங்கேயே வந்துவிடும். ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் இணைப்பு விமானம் எடுத்துவிட்டு ஓடாதீர்கள்.

வெனிஸுக்கென்று தனியாக ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. 2024-இல் தொடங்கியது. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் அறிவிக்கப்பட்ட நாள்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், காலை 8.30 முதல் மாலை 4 வரை தீவுக்குள் வரும் ஒருநாள் பயணிகள் கட்ட வேண்டியது. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் 'நாமதான் தங்குறோமே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது: மாநகராட்சித் தளத்தில் பதிந்து விலக்குக்கான கியூஆர் சீட்டை எடுத்து, இருவர் தொலைபேசியிலும் வைத்திருக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் கேட்பார்கள். தீவுக்கு எதிரே கரையில் உள்ள மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிக்குள்தான், ஆகவே அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. பக்கத்து ஊரான பதுவாவில் தங்கிக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பயணிக்கு இல்லை.

3. அறை: தீவுக்குள்ளா, மெஸ்த்ரேயிலா?

மெஸ்த்ரே கரைப்பகுதி. விலை குறைவு, ரயிலில் பத்து நிமிடத்தில் தீவு. கணக்குப் பார்த்தால் லாபம் என்றுதான் தோன்றும். ஆனாலும் தீவுக்குள் தங்குங்கள் என்றே சொல்வேன். மெஸ்த்ரேயிலிருந்து வருபவர் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்கு ரயில் ஏறுகிறார். அதாவது கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போகிறார். ஆளில்லாத சதுக்கம், காய்கறிப் படகு இறக்கும் காலை, சத்தமடங்கிய இரவுக் கால்வாய் மூன்றும் தீவில் தூங்குபவருக்குத்தான். மூன்று இரவுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் ஒரு இரவையாவது குறைத்து உள்ளே தங்கலாம். அதுவும் முடியாது என்றால் மெஸ்த்ரே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எடுங்கள். பேருந்து பிடித்து நிலையத்துக்கு வரும் அறை வேண்டவே வேண்டாம்.

தீவு ஆறு பகுதிகளாகப் பிரிந்தது. முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய கன்னாரேஜோ வசதி. ஸ்த்ராதா நோவா என்ற அகலமான தெரு அந்த வழியாகத்தான் போகிறது. பேருந்தில் வந்து இறங்குபவர்களுக்கு சாந்தா குரோச்சே பக்கம். மாலையில் மாணவர் கூட்டமும் மலிவான சாப்பாடும் வேண்டுமென்றால் தொர்சொதூரோ. பெரிய சதுக்கம் உள்ள சான் மார்க்கோவுக்குள் அறை எடுப்பது காசுக்குப் பிடித்த கேடு.

பதிவு செய்யும் முன் விடுதியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "படகுத்துறையிலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்?" பூஜ்யம் என்றால் உடனே எடுங்கள். மூன்று என்றால் இருபது கிலோ பெட்டியை மூன்று முறை தூக்கி ஏறி, மூன்று முறை தூக்கி இறங்க வேண்டும். மின்தூக்கி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

கட்டில் விஷயமும் இருக்கிறது. 'மத்ரிமோனியாலே' என்று போட்டிருந்தால் தம்பதிக்கான ஒரே பெரிய கட்டில். 'தோப்பியா' என்று போட்டிருந்தாலும் நம்ப முடியாது. 'தூவே லெத்தி செபராத்தி', தனித்தனி இரண்டு கட்டில், என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்த பிறகு இதைப் பற்றிப் பேச வரவேற்பு மேசையில் ஆள் இருக்காது.

அறை வாடகை போக, ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். கடவுச்சீட்டும் இருவருடையதையும் கேட்பார்கள். பதிவு செய்வது அங்கே சட்டம்.

4. படகு டிக்கெட்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

நகரப் பேருந்துக்குப் பதிலாக ஓடும் படகுக்கு வப்போரெத்தோ என்று பெயர். நடத்துவது ஏசிடிவி நிறுவனம். ஒரு முறை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரத்துக்கு 25 யூரோ, 48-க்கு 35, 72-க்கு 45. ஆக ஒரு நாளில் மூன்று தடவை ஏறினாலே நாள் டிக்கெட் லாபம். மூன்று நாளில் ஐந்து தடவை ஏறினால் 72 மணி நேர டிக்கெட் லாபம்.

இருவரில் யாருக்காவது முப்பது நிரம்பவில்லை என்றால் 6 யூரோ கொடுத்து ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கலாம். 72 மணி நேர டிக்கெட் 27 யூரோவுக்குக் கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதே இல்லை. சாளரத்தில் இருப்பவரும் தானாகச் சொல்ல மாட்டார்.

டிக்கெட் ஓடுவது நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். முதல் முறை இயந்திரத்தில் காட்டிய நிமிடத்திலிருந்து ஆரம்பம். மாலை நான்கு மணிக்கு வந்து இறங்கி 72 மணி நேர டிக்கெட்டைத் தொடங்கினால், மூன்று இரவு கழித்துப் பகல் பன்னிரண்டுக்குப் பெட்டியோடு நிலையத்துக்குத் திரும்பும் பயணமும் அதிலேயே அடங்கிவிடும். கிளம்புவது இரவு என்றால் தொடங்கும் நேரத்தைத் தள்ளிவையுங்கள்.

ஒவ்வொரு முறை ஏறும்போதும், நாள் டிக்கெட் என்றாலும், மேடையில் உள்ள கருவியில் காட்ட வேண்டும். ஒருவர் டிக்கெட்டை இருவருக்கும் காட்ட முடியாது. பரிசோதகர் பிடித்தால் 'தெரியாது' என்பது எடுபடாது. அபராதம் டிக்கெட் விலையைப்போல் பல மடங்கு.

விமான நிலையத்திலிருந்து வரும் அலிலகூனா படகு வேறு நிறுவனம். ஏசிடிவி டிக்கெட் அதில் செல்லாது.

5. வந்து இறங்கும் நாள்: பெட்டியை இறக்கும்வரை எதையும் பார்க்காதீர்கள்

ரயிலில் வந்தால் டிக்கெட்டில் 'வெனெத்சியா சாந்தா லூச்சியா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'வெனெத்சியா மெஸ்த்ரே' என்பது கரையில் உள்ள நிலையம். பெயரில் வெனெத்சியா என்று இருப்பதைப் பார்த்து அங்கேயே இறங்கி, வெளியே வந்து கால்வாயைத் தேடுபவர்கள் தினமும் உண்டு.

மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து மலிவான, வேகமான வழி பேருந்துதான். இருபது சொச்சம் நிமிடத்தில் பியாத்சாலே ரோமா. சக்கரம் ஓடும் கடைசி இடம் அது. அலிலகூனா படகு அழகு, ஆனால் சான் மார்க்கோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; விடுதி அதன் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள். நீர் டாக்ஸி இருவருக்குக் கட்டாது.

நிலையத்திலிருந்தோ பியாத்சாலே ரோமாவிலிருந்தோ 1-ஆம் எண் படகு ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனால் முழுவதும் ஒவ்வொரு துறையாக நின்று போகும். 2-ஆம் எண் சில துறைகளை விட்டுவிட்டு வேகமாகப் போகும். பெட்டியோடு இருக்கும்போது வேடிக்கை பார்க்க 1-இல் ஏறாதீர்கள். உங்கள் துறைக்கு எது சீக்கிரம் போகிறதோ அதில் ஏறுங்கள். வேடிக்கையை இரவு எட்டு மணிக்கு வெறுங்கையோடு வந்து, 1-இன் திறந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அரண்மனைகளின் மேல்மாடி விளக்குகள் எரியும்; உள்ளே கூரையில் தீட்டிய ஓவியமும் தெரியும்.

ஏறும் மேடை மிதவை. படகு வந்து மோதும்போது தரை ஆடும். பணியாள் கயிற்றை இரும்புக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார், கிறீச்சிடும், படகு ஒட்டி நிற்கும். பிறகுதான் கதவைத் தள்ளுவார். அதுவரை பின்னால் நில்லுங்கள், முதலில் இறங்குபவர்களை விடுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களிடம் உள்ளூர்க்காரர்கள் சத்தமாகவே சொல்வார்கள்.

பெரிய துறைகளில் ஏ, பி, சி என்று பல மேடைகள். சிறிய துறைகளில் எதிரெதிர்த் திசைப் படகுகள் ஒரே மேடைக்கு வரும். எண்ணை மட்டும் பார்த்து ஏறினால் பாதிப்பேர் வந்த வழியே திரும்பிப் போவார்கள். படகின் பலகையில் உள்ள கடைசித் துறையின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

விடுதி முகவரியை நம்பிக் கிளம்ப முடியாது. வீட்டு எண்கள் தெருவுக்கு இல்லை, பகுதி முழுவதற்கும் தொடர் எண்கள். 'கன்னாரேஜோ, மூவாயிரத்துச் சொச்சம்' என்பதை வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரரும் கண்டுபிடிக்க மாட்டார். துறையின் பெயர், வரைபடப் புள்ளி, பக்கத்தில் உள்ள தேவாலயம், மூன்றையும் விடுதியிடம் முன்கூட்டியே வாங்குங்கள்.

அறை தயாராகவில்லை என்றால் பெட்டியை வரவேற்பிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. வழி தெரிந்து நடப்பது

சுவரில் மஞ்சள் பலகைகள் இருக்கும்: ரியால்ட்டோவுக்கு, சான் மார்க்கோவுக்கு, ரயில் நிலையத்துக்கு ('ஃபெர்ரொவியா'). அம்பைத் தொடர்ந்தால் போய்ச் சேரலாம், ஆனால் எல்லாரும் அதைத்தான் தொடர்கிறார்கள். அந்தத் தடத்திலிருந்து இரண்டு சந்து விலகினாலே நெரிசல் பாதியாகும்.

உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் புள்ளி எதிர்ச்சந்துக்குத் தாவும். ஆகவே அம்பை நம்பாமல் பாலத்தை நம்புங்கள்: போகும் வழியில் அடுத்த பாலம் எங்கே என்று வரைபடத்தில் பார்த்து, அந்தப் பாலத்துக்குப் போய், பிறகு அடுத்ததைப் பாருங்கள். வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

தெருப்பெயரின் முன்னொட்டே பாதி வழி சொல்லும். 'கால்லே' சந்து. 'ஃபொந்தமெந்தா' கால்வாயை ஒட்டிய நடைபாதை. 'ரியோ தெரா' மண் மூடிய பழைய கால்வாய், அகலமாக இருக்கும். 'கொர்த்தே' என்று இருந்தால் பெரும்பாலும் முட்டுச்சந்து, திரும்ப வேண்டியதுதான். சில சந்துகள் நேரே தண்ணீரில் போய் முடியும். இருட்டில் தொலைபேசியைப் பார்த்தபடி நடக்கக் கூடாது.

வலது ஓரமாக நடங்கள். படம் எடுப்பதானால் பாலத்தின் உச்சியில் நிற்காமல் இறங்கி ஓரத்தில் எடுங்கள். அந்தப் பாலம் ஒருவருக்கு வேலைக்குப் போகும் வழி.

இருவரும் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முதல் மாலையே முடிவு செய்யுங்கள். ரியால்ட்டோ, சான் மார்க்கோ இரண்டும் வேண்டாம், கூட்டத்தில் கண்ணில் பட மாட்டீர்கள். காம்போ சாந்தா மார்கெரிதா, காம்போ சான் போலோ போன்ற திறந்த இடத்தின் கல்கிணற்று வாய் நல்ல அடையாளம். கிணறு நகராது, பக்கத்தில் உட்காரப் பெஞ்சும் இருக்கும்.

7. சான் மார்க்கோ: முதல் முழுநாளின் காலை

ஏழு மணிக்குச் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். எதுவும் திறந்திருக்காது, அதுதான் வேண்டும். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, சந்துக்குள் ஒரு கடையில் நின்றபடி காபி. சதுக்கத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்தால் காபி விலையோடு இசைக்கும் தனிக் கட்டணம் போடுவார்கள்.

சதுக்கத்தில் உள்ள பேராலயமான சான் மார்க்கோ பசிலிக்காவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுத்து, காலையின் முதல் நேரத்தையே பிடியுங்கள். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். பெரிய பையோடு விடமாட்டார்கள். ஞாயிறு காலை வழிபாட்டுக்கு, பார்வையாளருக்குப் பிற்பகல்தான். மேல்மாடத்துக்குத் தனி டிக்கெட், தயங்காமல் எடுங்கள். அருங்காட்சியகத்துக்குள் நிற்பவைதான் அசல் வெண்கலக் குதிரைகள்; வெளியே முகப்பில் இருப்பவை நகல்.

அதன் பிறகு தோஜே அரண்மனை; தோஜே என்பது பழைய வெனிஸ் ஆட்சித் தலைவரின் பட்டம். 30 நாளைக்கு முன் எடுத்தால் 25 யூரோ, இல்லாவிட்டால் 30. அதே டிக்கெட்டில் எதிர்ப்பக்கம் உள்ள கொர்ரேர் அருங்காட்சியகமும் சேர்த்தி. அரண்மனைக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பசிலிக்காவுக்கு முக்கால் மணி நேரம் போதும். வரிசையை மாற்றி அரண்மனைக்கு முதலில் போனால், பசிலிக்காவுக்கு வரும்போது கூட்டமும் களைப்பும் சேர்ந்து வரும்.

உயரத்திலிருந்து பார்க்கச் சதுக்கத்தின் மணிக்கூண்டில் வரிசை நீளம். எதிர்க்கரையில் சான் ஜோர்ஜோ மாஜோரே தேவாலயக் கோபுரத்திலும் மின்தூக்கி உண்டு. சான் சக்கரியாவிலிருந்து 2-ஆம் எண் படகில் ஒரே துறை. அங்கிருந்து பார்த்தால் சான் மார்க்கோவே காட்சிக்குள் வருகிறது.

சதுக்கத்தின் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவது, புறாவுக்கு இரை போடுவது, கால்வாயில் காலை நனைப்பது எல்லாவற்றுக்கும் அபராதம். சாப்பாட்டைச் சதுக்கத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளுங்கள்.

8. தீவுகள்: தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து 12-ஆம் எண் படகு முரானோ வழியாகப் புரானோ போகிறது. வழியில் முதலில் வருவதால் எல்லாரும் முரானோவில் இறங்கி, உச்சிவெயிலில் புரானோ போய்ச் சேருகிறார்கள். நீங்கள் முரானோவைத் தாண்டி நேரே புரானோ போங்கள். எட்டு மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் வண்ணச் சுவர்கள் உங்களுக்கே. அங்கிருந்து சில நிமிடப் படகில் தொர்ச்செல்லோ; மொசைக் எனும் கல்பதிப்பு ஓவியம் பிடித்தவர்கள் விட வேண்டாம், மற்றவர்கள் விடலாம். திரும்பும் வழியில் முரானோ.

புரானோவில் வாசல் திரைச்சீலைக்கு முன் நின்று படம் எடுக்கும்போது உள்ளே யாரோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். கையால் செய்த லேஸ் பின்னல் துணி மலிவாக வராது; பத்து யூரோ மேசைவிரிப்பு இயந்திரத்தில் செய்தது.

விடுதி வாசலிலோ சான் மார்க்கோ அருகிலோ "முரானோவுக்கு இலவசப் படகு" என்று அழைப்பார்கள். அந்தப் படகு நேரே கண்ணாடிப் பொருள் விற்கும் ஒரு காட்சிக்கூடத்தில் கொண்டுபோய் விடும். கண்ணாடி ஊதிக் காட்டுவது ஐந்து நிமிடம், வாங்கச் சொல்லி நெருக்குவது அரை மணி. உங்கள் படகு டிக்கெட்டிலேயே போகலாம். வாங்குவதானால் 'வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

9. சாப்பாடு: சைவ நண்பர் இருந்தால் இதை இருமுறை படியுங்கள்

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தை மூன்று நாளும் நம்பினால் பொதுப் பை காலி. பகலில் 'பாக்கரோ' எனப்படும் சிறு கடைகளில் நின்றபடி 'சிக்கெத்தி' சாப்பிடுவது உள்ளூர் வழக்கம். ரொட்டித் துண்டின்மேல் ஏதாவது வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். விரலால் காட்டி வாங்கலாம். கூடவே ஒரு சிறு கோப்பை திராட்சை மது, அல்லது தண்ணீர். கன்னாரேஜோவில் மிசெரிகோர்தியா கால்வாய் ஓரம் இதற்கு நல்ல இடம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் சைவருக்குக் கண்ணி. வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி ரொட்டியில் தடவியிருப்பதைப் பாலாடைக்கட்டி என்று நினைத்து எடுப்பார்கள். அது 'பக்கலா மந்தெக்காத்தோ', கருவாட்டை ஊறவைத்து எண்ணெய் விட்டு அடித்த விழுது. அதேபோல 'பீகொலி இன் சால்சா' என்ற நூடுல்ஸ் வெறும் வெங்காயச் சாறு போல் தெரியும். கரைந்துபோன நெத்திலி அதில் இருக்கிறது. 'பாஸ்தா எ ஃபசோய்' என்ற அவரைக்கொட்டைச் சூப்பில் பன்றித்தோல் போடுபவர்கள் உண்டு. 'ரிசோத்தோ' என்ற குழைந்த சோற்றில் காய்கறி வகையையும் இறைச்சிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம்.

தப்பித்துக்கொள்ள வழிகளும் உண்டு. 'பிட்சா மரினாரா' பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம்: தக்காளி, பூண்டு, ஓரெகானோ மட்டும், பாலாடைக்கட்டிகூட இல்லை. சுட்ட காய்கறி, பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி, வசந்தத்தில் சாந்த் எராஸ்மோ தீவின் ஆர்ட்டிச்சோக் கிடைக்கும். முக்கோண ரொட்டியான 'திராமெத்சினி'யில் முட்டையும் காயும் வைத்தது உண்டு. 'வெஜெத்தரியானோ' என்று மட்டும் சொல்வதைவிட 'சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா பிரோதோ' என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், சாறு மூன்றும் வேண்டாம். பர்மெசான் பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறையவைப்பது; அதைப் பொருட்படுத்துபவர்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அசைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மீன் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. முழு மீன் அறுநூறு கிராம் இருக்கும். எடையைக் கேட்டு, மொத்த விலையைக் கேட்டு, பிறகு தலையாட்டுங்கள்.

'கொப்பெர்த்தோ' என்று ரசீதில் ஆளுக்கு ஓரிரு யூரோ போட்டிருந்தால் ஏமாற்று இல்லை, மேசைக்கான கட்டணம். மதியம் இரண்டரைக்குப் பிறகு பல சமையலறைகள் மூடி, ஏழு மணிக்குத்தான் திறக்கும். இடையில் திறந்திருந்து, வாசலில் ஆள் நின்று அழைத்து, படம் போட்ட பட்டியல் நீட்டும் கடையைக் கடந்து போய்விடுங்கள். தண்ணீர் வாங்கவே வேண்டாம். தெருக்குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். புட்டி மட்டும் கையில் இருக்கட்டும்.

10. கோண்டோலா ஏறுவதா?

நகரம் நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, மாலை ஏழுக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு இல்லை; ஐந்துபேர்வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் வழியையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். சான் மார்க்கோ துறையில் ஏறினால் பாதி நேரம் மற்ற கோண்டோலாக்களின் பின்னால் வரிசையில் போகும். உட்பகுதியில் சிறு பாலத்தடியில் நிற்பவரிடம் கேளுங்கள். குறுகிய கால்வாய்க்குள் போவதுதான் இதன் சுகம்.

இருவரில் ஒருவருக்கு மட்டும் ஆசை என்றால் மற்றவரை இழுக்க வேண்டாம். கிராண்ட் கனாலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடத்திவிடும் 'திராகெத்தோ' என்ற பெரிய கோண்டோலா 2 யூரோதான். சாந்தா சோஃபியாவிலிருந்து ரியால்ட்டோ சந்தைக்குக் காலையில் அதில் போகலாம், சில்லறை வைத்திருங்கள். மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது.

11. ஓர் அரைநாள் பிரிந்து சுற்றுங்கள்

மூன்றாம் நாள் காலையை இதற்கு வையுங்கள். அதற்குள் இருவருக்கும் ஊர் பிடிபட்டிருக்கும், ஒருவர் முகம் மற்றவருக்குக் கொஞ்சம் சலித்தும் இருக்கும். ஓவியம் பிடித்தவர் ஃபிராரி தேவாலயத்தில் திசியனின் பலிபீட ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே சான் ரோக்கோ மண்டபத்துக்குப் போகலாம். மேல்தளக் கூரை முழுவதும் தின்தொரெத்தோ தீட்டிய ஓவியங்கள். கழுத்து வலிக்காமல் பார்க்கக் கைக்கண்ணாடி தருவார்கள். அதை இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தபடி நடக்கலாம்.

மற்றவர் கன்னாரேஜோவில் 1516-இல் யூதர்களை அடைத்துவைத்த 'கெத்தோ' குடியிருப்புக்குப் போகலாம். இடம் போதாமல் ஆறேழு மாடிக்கு எழும்பிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. அல்லது சான் திரோவாசோ கால்வாயின் எதிர்க்கரையில் நின்று, கோண்டோலாவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகம் தேய்க்கும் பட்டறையைப் பார்க்கலாம். ஒரு மணிக்குக் கிணற்றடியில் சந்திப்பு.

12. தண்ணீர் ஏறும் மாதங்கள்

அக்டோபரிலிருந்து ஜனவரிவரை போகிறவர்களுக்கு மட்டும் இது. கடல்மட்டம் 110 செ.மீ. தொடும் என்று கணித்தால் கடல் வாயில்களில் உள்ள மோசே தடுப்புக் கதவுகளை எழுப்புகிறார்கள். 2020-இலிருந்து இது நடைமுறை. ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் தாழ்வான இடம், 110-க்கு வெகுமுன்பே நனைந்துவிடும். ஆகவே நகரம் பிழைத்தாலும் உங்கள் செருப்பு பிழைக்காது.

முந்தின இரவே அலைக் கணிப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சான் மார்க்கோவை விலக்கித் திட்டம் போடுங்கள். பிறகு வடிந்துவிடும். பலகைப் பாலம் போட்டிருந்தால் நின்று படம் எடுக்காமல் நடங்கள். தண்ணீர் அதிகமானால் படகுகள் பாலத்தடியில் நுழைய முடியாமல் வழி மாறும். விமானம் பிடிக்கும் நாளில் இதையும் கணக்கில் சேருங்கள்.

13. கிளம்பும் நாள்

விமானம் மாலையில் என்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை விடுதியிலேயே விடலாம் என்று தோன்றும். விடுதி உள்ளே தள்ளி இருந்தால் அதை எடுக்க மறுபடி பாலம் ஏறி, மறுபடி படகு பிடித்து வர வேண்டும். காலையிலேயே பெட்டியைக் கொண்டுவந்து ரயில் நிலையத்திலோ பியாத்சாலே ரோமாவிலோ உள்ள காப்பகத்தில் போட்டுவிட்டு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது எளிது.

படகு டிக்கெட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். இருவரும் வேறு வேறு நேரத்தில் முதன்முதலாகக் காட்டியிருந்தால் முடியும் நேரமும் வேறாக இருக்கும். வட்டார ரயிலில் காகித டிக்கெட்டோடு போகிறவர்கள் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இரண்டு டிக்கெட்டிலும். பொதுப் பையில் மீந்த சில்லறையை விமான நிலையத்தில் மாற்ற மாட்டார்கள். நிலையத்திலேயே காபி குடித்துத் தீர்த்துவிடுங்கள், நின்றபடி.